எறியாமல் வைத்திருந்த சீட்டுகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலம் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்; மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. என் வீட்டில் வைத்திருந்த குறிப்பேடுகளும், பழைய நூல்களின் பக்கங்களை எடுத்த படங்களும் போனது போனதுதான். ஆனால் அவற்றை நம்பி நான் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் பிழைத்துவிட்டது. நேற்றிரவு மூன்றாம் இயலை மீண்டும் எழுதி முடித்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றிக்கு உரியவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மன்ஹாட்டனில் கிழக்கு 79ஆம் தெருவில் இருக்கும் நியூயார்க் சொசைட்டி நூலகத்தில், அரிய நூல்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் அம்மையார் அவர்.

அந்த நூலகத்தைப் பற்றி என்னிடம் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும். 1754இல் ஊர்க்காரர்கள் சந்தா போட்டுத் தொடங்கியது. அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கிலேயப் படையினர் அதன் புத்தகங்களைச் சூறையாடி, ரம்முக்கு விற்றது போக மிச்சத்தைத் துப்பாக்கிக்கு அடைப்பாகக் கிழித்தார்கள் என்று சொல்வார்கள். அப்படியும் சாகாமல், 1789இல் அமெரிக்காவின் முதல் காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம், கூடிய அதே கட்டடத்தில் ஓர் அறையில் மறுபடி இயங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கடன் பேரேடு இன்றும் இருக்கிறது. பின்னாளில் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்ற அமெரிக்க அரசியல் தலைவர்கள் ஹாமில்டனும் பர்ரும் அதில் ஒரே நூலகத்தின் சமர்த்து வாசகர்கள். 1789 அக்டோபர் 5ஆம் தேதி எடுத்துச் செல்லப்பட்ட இரண்டு நூல்களுக்கு எதிரே, ஆள் பெயர் இல்லாமல், ‘பிரசிடென்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன்! திரும்பி வந்ததற்கான பதிவே இல்லை. 2010இல் அவருடைய மவுண்ட் வெர்னன் இல்லத்தைப் பராமரிப்பவர்கள், அவற்றில் ஒன்றான, வத்தெல் என்ற சட்ட அறிஞரின் சர்வதேசச் சட்ட நூலுக்கு, அதே பதிப்பில் வேறொரு பிரதியைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூலகம் அபராதம் கேட்கவில்லை.

பத்திரிகைகளுக்கு வாஷிங்டன் போதும். கனெக்டிகட் ஆளுநராக இருந்த இளைய ஜான் வின்த்ரப்பின் ரசவாத நூல்களைப் பார்க்கவென்றே வருகிறவர்களும் உண்டு. நான் போனது ஹாமண்ட் தொகுப்புக்காக. ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹாமண்ட் என்பவர் நடத்திய வாடகை நூலகத்தில் இருந்த நாவல்களும் நாடகங்களும், ஆயிரத்துக்கும் மேல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும் கை மாறிக் கை மாறிப் படிக்கப்பட்டவை. அவற்றில் பல, பெண்கள் எழுதியவை. அறிஞர்களின் நூல்களுக்குத் தோல் அட்டையும் கண்ணாடி அலமாரியும் கிடைத்தன. இவற்றை ஜனங்கள் கிழியக் கிழியப் படித்துவிட்டு எறிந்தார்கள். அதனாலேயே, சாதாரண மனிதர்கள் பொழுதுபோக்குக்கு என்ன படித்தார்கள் என்பதைச் சொல்ல இப்படித் தப்பிப் பிழைத்த தொகுப்புகள்தான் இருக்கின்றன.

எல்லாம் போன பிறகு, மீதி நாட்களுக்கு வாங்கியிருந்த அனுமதியை ரத்து செய்து, விடைபெற்றுக்கொண்டு வரலாம் என்றுதான் அங்கே போனேன். அம்மையார் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனவர் ஒரு கட்டோடு திரும்பினார். புத்தகம் கேட்டு நான் எழுதிக் கொடுத்திருந்த சீட்டுகள்! முதல் நாளிலிருந்து, தேதி வாரியாக, பழைய நூல்களைக் கட்டும் வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டியிருந்தார். எந்தப் பக்கத்தைப் படம் எடுக்கக் கேட்டேன் என்பதையும் சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். என் கோணல் கையெழுத்து, அதன் பின்னால் அவருடைய உருண்டையான எண்கள்.

எதற்காக இதையெல்லாம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். “வாஷிங்டன் விஷயத்தில் இருநூறு வருடத்துக்கு மேல் பொறுத்திருந்தோம். உங்கள் காகிதத்தை ஒரு டப்பாவில் போட்டு வைக்க முடியாதா?” என்றார். அடுத்த நொடியே, “எந்த நூல் முதலில்?” என்று கேட்டுக்கொண்டே புத்தகம் சாய்க்கும் நுரைத் தாங்கியை மேசைமேல் வைத்தார்.

அவர் செய்ததைப் பெரிய தியாகம் என்று சொன்னால் அவரே சிரிப்பார். அவருடைய வேலைக் குறிப்பில் அது இல்லை. செய்யாவிட்டால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். வாடகைக்கு எடுத்துப் படித்த நாவல்களைப் போலவே என் சீட்டுகளும் குப்பைக்கூடைக்கு உரியவைதான். இரண்டையும் ஒரே மரியாதையோடு பார்க்கிற ஒரு கண் அங்கே இருந்தது. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

மற்றவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையெல்லாம் ஒரே பத்தியில் அடைக்கிறேன். தன் மடிக்கணினியைத் தந்துவிட்டு, ‘உங்களுக்குப் பிறகுதான் எனக்கு’ என்ற தம்பிக்கு நன்றி. வாரக்கணக்கில் ரசமும் பொரியலும் அனுப்பிய, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி அக்காவுக்கும், அந்தப் பாத்திரங்களைச் சுமந்து சப்வேயில் வந்த அவருடைய மகனுக்கும். சீட்டுகளைப் பட்டியலாக்கித் தட்டச்சு செய்து தந்த தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும், ‘புத்தகம் தாமதமானால் ஆகட்டும், வரட்டும்’ என்று சொன்ன பதிப்பாளருக்கும்.

இனி அந்தத் தொகுப்பிலிருந்து நான் எடுக்கும் குறிப்புகளைத் தமிழில் யார் கேட்டாலும் தருவேன். என் வீட்டில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. நூலகம் அனுமதித்தால், அச்சானதும் ஒரு பிரதியை அங்கே கொடுப்பேன். அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. நன்றியுரைப் பக்கத்தை மட்டும் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு வருவதாக எண்ணம்.

ஒரு கணக்கு விஷயம். நீங்கள் திரட்டித் தந்த பணத்தில் செலவு போக மிச்சம் இருக்கிறது. பெயர் சொல்லாமல் அனுப்பியவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் தெரிவித்தால் உங்கள் பங்கைத் திருப்பி அனுப்புகிறேன். வேண்டாம் என்றால், ஹாமண்ட் நாவல்களில் தையல் விட்டுப்போன ஒன்றைச் சீர்செய்யக் கொடுத்துவிட்டு, ரசீதை எல்லோருக்கும் அனுப்புகிறேன்.