கடலூர்க் கடற்கரைச் செடிகளும் நீல அச்சும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள கடலூர் மக்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூட ஹாலில் போன வாரம் நடந்த நீல அச்சுப் படக் கண்காட்சிக்கு இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. படங்களுக்குக் கீழே என் பெயர் இருந்தாலும் பாதி வேலை உங்களுடையது. அதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

நிலத்தடி நீரை ஆராய்வது என் வேலை. லீவு நாளில் செடிகளை நீலத்தில் அச்செடுப்பேன். இதற்கு கேமராவே வேண்டாம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புக் கரைசல்களைக் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளில் தடவிக் காயவைக்க வேண்டும். அதன்மேல் செடியை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நீலமாகும். செடி மறைத்த இடம் கழுவியதும் வெள்ளையாக நிற்கும். 1842-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இப்படி அச்செடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். இஞ்சினியர்களின் பழைய ப்ளூபிரிண்டும் இதே முறைதான்.

முதல் நன்றி தேவனாம்பட்டினத்துப் பெரியவருக்கு. அடம்புக்கொடியை வேரோடு இழுக்காமல் நுனியை மட்டும் கத்தரிக்கச் சொன்னவர் அவர். "மண்ணைப் புடிச்சு வெச்சிருக்கறதே அதுதாம்மா" என்றார். காற்றில் பறந்து வரும் மணலை இந்தக் கொடியும் இராவணன் மீசை என்ற முள்புல்லும் தடுத்து நிறுத்துவதால்தான் கரையில் மேடு கட்டுகிறது. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த மனிதர் சொல்லும்போது அந்த மேட்டின் அருமை தனியாகத் தெரிகிறது.

கண்காட்சியில் பலரும் நின்று பார்த்த அந்த முள்ளுருண்டை, இராவணன் மீசையின் காய்க்கொத்து. காற்றில் உருண்டு வந்ததை எடுத்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தவரும் இந்தப் பெரியவர்தான். தாளைத் தொட்ட முட்கள் ஒவ்வொன்றும் கூர்மை மாறாமல் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கின்றன. தாளைத் தொடாமல் மேலே நின்ற முட்களின் விளிம்பு மட்டும் புகை மாதிரி வெளிர்நீலமாகக் கரைந்திருக்கிறது. என் படங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அப்புறம் கீழ்வீட்டு அக்கா. இந்த நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது, வெளுத்துவிடும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அது அதிகம். பருப்பு வேகவைக்க என்று டிரம்மில் பிடித்து மூடிவைத்திருந்த மழைத்தண்ணீரை, "எடுத்துக்கோம்மா, அடுத்த மழைக்குப் புடிச்சுக்கலாம்" என்று அக்கா கொடுத்துவிட்டார். கோடையில் கடலூரில் ஒரு டிரம் மழைத்தண்ணீர் என்றால் என்னவென்று இங்கே குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். படங்களில் இருக்கும் ஆழ்ந்த நீலம் அக்காவின் தயவு.

ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டுகளைக் காசு வாங்காமல் தந்த திருப்பாதிரிப்புலியூர் ஃபிரேம் கடை அண்ணனுக்கும், மொட்டைமாடியில் தாள் பறக்காமல் காவல் இருந்த தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் மனமார்ந்த நன்றி. "இதனால் உங்கள் ஆராய்ச்சிக்கு என்ன பயன்?" என்று ஹாலில் சிலர் கேட்டீர்கள். சார் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. படங்களைப் பார்த்துவிட்டு, "அடுத்து புன்னைப் பூ எடுங்க" என்று மட்டும் சொன்னார். பயன் இருந்தால்தான் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. வெயிலில் தாள் நிறம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு அத்தனை சந்தோஷம். அதுவே போதும்.

மேலே சொன்ன எல்லாருக்கும் ஆளுக்கொரு படம் சட்டம் போட்டு, பின்பக்கம் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். முள்ளுருண்டை தேவனாம்பட்டினத்துக்குத்தான். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லாருமாக வாருங்கள், உங்கள் கையை வைத்தே ஆளுக்கு ஒரு அச்சு எடுக்கலாம்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம் மாடிவீட்டு ஆராய்ச்சி மாணவி