முழங்கைக்கு முழங்கால் கணக்கு போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவப் பகுதியில் மூட்டு மாற்று அறுவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முழங்காலுக்கு முக்கால் பக்கம். தோள், முழங்கை, விரல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு பத்தி. அதையும் ‘கையிலும் இதே சிகிச்சை உண்டு, பழையபடி வேலை செய்யலாம்’ என்று முடித்துவிட்டார்கள். வேலூரில் எக்ஸ்-ரே எடுத்தே பணி ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கடைசி வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

முழங்கை மூட்டை மாற்றினால் வலி குறையும், சோற்றை எடுத்து வாயில் வைக்கலாம், தலை வாரிக்கொள்ளலாம். ஆனால் ஆயுசு முழுக்க அந்தக் கைக்கு ஓர் எடை வரம்பு உண்டு. திரும்பத் திரும்பத் தூக்குவதென்றால் 1 கிலோ, எப்போதாவது ஒருமுறை என்றால் 5 கிலோ. பெரும்பாலும் இப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். மீறினால் எலும்புக்குள் பதித்த தண்டு நாளடைவில் ஆட்டம் கொடுக்கும்.

என் அக்கா குடியாத்தத்தில் பீடி சுற்றியவள். முடக்குவாதம் வந்து இரண்டு கையும் கோணிப்போய், வலது முழங்கையை மட்டும் மாற்றினார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். எடை விஷயம் டிஸ்சார்ஜ் அன்றுதான் எங்கள் காதில் விழுந்தது. “அப்போ தண்ணிக் குடம்?” என்றாள் அக்கா. நிறைந்த பிளாஸ்டிக் குடம் 12 கிலோவுக்குக் குறையாது. கிரைண்டர் கல், ரேஷன் அரிசிப் பை, சிலிண்டர், பேரப்பிள்ளை எதுவும் அந்தக் கைக்கு ஆகாது. பீடி சுற்றலாம், இலைக்கு என்ன எடை! மாற்றிக்கொண்டதற்கு அவள் வருத்தப்படவில்லை, ராத்திரி தூங்குகிறாள். முன்பே சொல்லியிருந்தால் மாடி வீட்டை விட்டுக் குழாய் இருக்கும் கீழ் வீட்டுக்குப் போயிருப்போம் என்கிறாள், அவ்வளவுதான்.

அப்புறம் படம் எடுக்கிற விஷயம். அது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும். எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்பில் வருபவர்கள் அதிகம். தேய்மானத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது சாதாரண எக்ஸ்-ரேதான், அதையும் சரியான கோணத்தில் எடுக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு முதுகில் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. ஆளை நேராக நிறுத்தி எடுத்தால் மேல்கை எலும்பின் பந்து போன்ற தலையும் அது உட்காரும் கிண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடு இடைவெளி மறைந்துபோகும். உடம்பை 40 டிகிரி அளவுக்குத் திருப்பி நிறுத்தினால் அது தெரியும். தசையை எலும்போடு பிணைக்கும் நாரான தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட். கிண்ணத்தில் திருகு பிடிக்க எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க சி.டி. தசைநாண் போய்விட்ட தோளில் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றிப் பொருத்துவார்கள், பிரான்சில் கிராமோன் என்ற மருத்துவர் 1985-ல் கொண்டுவந்த முறை அது. தோளின் வெளிப்பக்கத் தசையே கையைத் தூக்கிவிடும். ஆகவே படம் தப்பானால் முடிவும் தப்பாகும்.

நகையைக் கழற்றச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் 1895-ல் தன் மனைவியின் கையை எடுத்த படத்தில் மோதிரம் அப்படியே இருக்கிறது. என்னிடம் வந்திருந்தால் அந்த அம்மாவையும் கழற்றச் சொல்லியிருப்பேன்.

பீடி சுற்றுகிறவர்களும் தையல்காரர்களும் கட்டைவிரல் அடியில் வலி என்று வருவார்கள். அங்கே பல பேருக்கு உலோக மூட்டே வேண்டியதில்லை. தேய்ந்துபோன சின்ன எலும்பை எடுத்துவிட்டாலே வலி குறைகிறது, பிடிமானம் திரும்பத்தான் மாதக்கணக்காகும். அதுவரை கூலிக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதல்ல. தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொடங்கியது வேலூரில்தான். விரலை நிமிர்த்தியதோடு விடாமல், அந்தக் கை பிழைக்கத் தச்சு வேலையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தவர் அவர். ‘என்ன வேலை செய்கிறீர்கள்? வீட்டில் தண்ணீர் யார் தூக்குவது?’ என்று அறுவைக்கு முன்பு கேட்க இன்று ஐந்து நிமிடம் போதும். கேட்காவிட்டால் நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விலையிலும் இதே ஓரவஞ்சனை. முழங்காலில் பொருத்தும் செயற்கை மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்ச விலை வைத்தது. தோள், முழங்கை, விரல் மூட்டுகள் அந்த ஆணையில் இல்லை. காலைவிடக் கைக்கு அறுவை செய்துகொள்பவர்கள் குறைவு, அதனால் குரலும் குறைவு என்று நினைக்கிறேன். பீடி, லுங்கி, தோல், தீப்பெட்டி என்று கையை வைத்தே பிழைக்கும் இந்தப் பக்கத்து மக்களுக்காக உங்கள் நிருபர்கள் இதை உரிய இடத்தில் கேட்டு எழுதலாம். அந்தக் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது எடை வரம்பைக் கட்டம் கட்டிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்-ரே டெக்னீஷியன்,
காட்பாடி