உட்காருவதற்காக வாங்கிய சிற்ப இருக்கை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: அடுக்கு பிரிந்த அலை வடிவ மர இருக்கையை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிச் செய்ததாகத் தங்களிடம் வாங்கிய அலை வடிவ இருக்கை ஐந்தாம் மாதமே அடிவளைவில் அடுக்கு பிரிந்து வாய் பிளந்து நிற்பது பற்றி இது நான் எழுதும் நான்காவது கடிதம். பின்கால் இல்லாத அந்த அமைப்பில் உட்காருபவரின் எடை முழுவதும் அந்த வளைவில்தான் இறங்குகிறது என்பது, அதைச் செய்த உங்களுக்குத் தெரியாததன்று. மரம் ஈரப்பதத்துக்கேற்ப இழையின் குறுக்கே விரிந்து சுருங்கும்; சரியாக உலராத தகடுகளை ஒட்டினால், அவற்றுக்கு இடையே பசை பூசிய கோடு திறந்துகொள்ளும். நான் அதன்மேல் தண்ணீர் சிந்தவுமில்லை, வெயிலில் வைக்கவுமில்லை.

நேரில் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்றீர்கள். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய அந்த இருக்கையை வண்டி பிடித்து ஏற்றி வந்தேன். இரண்டு மணி நேரம் காக்க வைத்த உங்கள் அலுவலர், போர்த்தியிருந்த துணியைக்கூட விலக்கிப் பாராமல், "இது கலைப்பொருள். இதில் யார் உங்களை உட்காரச் சொன்னது?" என்று பலர் முன்னிலையில் கேட்டார். அந்தச் சொல்லை என்னால் மறக்கவே முடியவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் உங்கள் கலைப்பொருள் பிரிவினர், இது அறைகலன், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தொலைபேசியை வைத்தார்கள். உங்கள் விளம்பரத் தாளிலோ "நாள்தோறும் புழங்கும் சிற்பம்" என்றே அச்சிட்டிருக்கிறீர்கள்!

இசாமு நொகுச்சி சிற்பிதான். ஆயினும் 1940-களில் அவர் வடிவமைத்த, ஒன்றையொன்று பற்றி நிற்கும் இரு மரத்துண்டுகள் மேல் கண்ணாடி அமர்ந்த மேசை, மேசையாகவே விற்கப்பட்டது. அறைகலன் செய்பவரான மைக்கேல் தோனெட் 1859-இல் நீராவியில் வளைத்த மரத்தால் செய்த 14-ஆம் எண் நாற்காலியின் அழகைப் பார்த்தவர்கள் அதில் உட்காரவும் செய்தார்கள். அந்த வளைவின் அழகுக்காகத்தான் நானும் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்தேன். இன்று பணமும் போய், வீட்டின் நிம்மதியும் அடியோடு போய்விட்டது.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆகவே பணிவுடன் கேட்கிறேன். 15 நாட்களுக்குள் புதிய இருக்கை தாருங்கள், அல்லது முழுத் தொகையையும் வண்டிச் செலவையும் திருப்பித் தாருங்கள். தவறினால் புகைப்படங்களுடனும் ரசீதுடனும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுவேன். அந்த அலுவலர் அங்கே வந்து அதே கேள்வியைக் கேட்கட்டும். பழுதான இருக்கையை எடுத்துச் செல்ல நீங்களே ஆள் அனுப்புங்கள். இன்னொரு முறை நான் அதைச் சுமந்து வரமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்