மரபணு மாறாமலே மாறும் கலங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய் பற்றிய தங்கள் கட்டுரை மரபணுப் பிறழ்வோடு நின்றுவிட்டது. டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறாமலே, அதன்மீது மெதைல் எனும் சிறு வேதிக் கூட்டங்கள் ஒட்டுவதாலும் டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் மாறுவதாலும் மரபணுக்கள் அடங்கவோ விழிக்கவோ கூடும். உடற்கலங்களை (செல்களை) ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கட்ஹெரின் புரதத்தின் மரபணு இவ்வாறு அடங்கும்போது, உறுப்புகளின் மேற்பரப்பை மூடி அடுக்காக ஒட்டியிருந்த மேலணிக் கலங்கள் பிடிவிட்டு, நகரும் இயல்பைப் பெற்று, வேறு உறுப்புகளுக்குப் பரவ வழி பிறக்கிறது. இம்மாற்றம் மீளக்கூடியது என்பதே என்னைக் கவர்ந்தது. மெதைலேற்றத்தைக் குறைக்கும் அசாசிட்டிடின் மருந்துக்கு 2004 இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது, ஆயினும் அது எலும்பு மச்சை நோய்க்கே. வெற்றிலைத் தட்டு இல்லாத வீடு அரிதான எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில், புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்பதையும் அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.

வாசகர்,
கொக்கட்டிச்சோலை.