ஒன்பதாம் நம்பர் எங்கே?

இந்தியக் கால்பந்து அணியையும் ஐஎஸ்எல் லீகையும் நடத்துகிற பெரியவர்களுக்கு,

வேலூரிலிருந்து வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைப் பக்கம் பசங்களுக்குப் பந்து ஆடச் சொல்லித் தருகிறவன் நான். சம்பளம் கிடையாது, விசில் மட்டும் சொந்தம். நான் தேடுவது ஒன்பதாம் நம்பர் பனியன் போட்டு, நடுவில் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கரை.

2025 நவம்பர் 18 ராத்திரி டாக்காவில் நடந்த இந்தியா - பங்களாதேஷ் மேட்சை அஞ்சு பசங்களோடு உட்கார்ந்து என் செல்போனில் பார்த்தேன். போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தோம். 11ஆவது நிமிஷம் அவர்கள் ஆள் மொர்சலின் கோல் போட்டார். நம்மாட்கள் போடவே இல்லை. "இன்னாண்ணா, பாக்ஸுக்குள்ள போயும் பாஸ் பண்றானுங்க?" என்றான் எட்டாவது படிக்கிற ஒருத்தன். 22 வருஷம் கழித்து பங்களாதேஷிடம் தோற்றோம். விசில் ஊதியதும் ஒருத்தன் சொம்பை எடுத்துத் தண்ணி குடித்தான். போன் குப்புற விழுந்தது. அதை யாரும் நிமிர்த்தவில்லை. ஒரு வசவுகூட வரவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றில் அன்றுவரை அஞ்சு ஆட்டம், ரெண்டே கோல். ஹாங்காங்கில் கடைசி நேர பெனால்டியில் போனது. கோவாவின் மார்காவில் சிங்கப்பூரிடம் முதலில் கோல் போட்டும் 1-2. ஓய்வு பெற்ற ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட்டீர்கள். அவரும் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோல் போட்டுக் கொடுத்தார். வேறு ஆள் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி இல்லையா இது? கோச்சை மாற்றினீர்கள், மனோலோ போய் காலித் ஜமீல் வந்தார். அந்த ரெண்டு கோல்தான் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் மைதானத்தில் டிஃபென்ஸில் நிற்க ஒரு பையனும் வரமாட்டான். டீம் பிரித்தால் பத்து பேரும் ஃபார்வர்டு. கோல்கீப்பருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் இப்படித்தான் இருக்கும். இத்தனை ஃபார்வர்டுகளும் எங்கே காணாமல் போகிறார்கள்?

லீகில் ஒரு அணிக்கு நாலு வெளிநாட்டுக்காரர்கள் களத்தில் இறங்கலாம். எந்த முதலாளியும் அதில் ஒருத்தரையாவது கோல் அடிக்கிற இடத்தில்தான் நிறுத்துவார். நம் பையன் விங்குக்குத் தள்ளப்படுவான், இல்லையென்றால் பெஞ்ச். இதில் எங்கள் கை சுத்தம் என்று சொல்லமாட்டேன். 2015இல் கொலம்பியாக்காரர் மெண்டோசா 13 கோல் அடித்து சென்னையின் எஃப்சி அணி கோப்பை வாங்கியபோது, காட்பாடியில் ரயில் ஏறிப் போய் அவர் பெயரைக் கத்தியவன்தான் நானும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வாங்கிய கால்பந்துத் தங்கத்தையும் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜையும் பற்றி என் பெரியப்பா பேசி ஓய்ந்துவிட்டார். பசங்களுக்கு அது கட்டபொம்மன் காலத்துக் கதை. அவர்கள் போட்டிருப்பது மெஸ்ஸி, ரொனால்டோ பனியன். ஷூவுக்கு உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்புகிற ஆம்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது, பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். அதை இன்னொரு மடலில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த சீசனில் ஒவ்வொரு அணியும் 23 வயதுக்குக் கீழே உள்ள இந்திய ஸ்ட்ரைக்கர் ஒருத்தனை இத்தனை நிமிஷமாவது நடுவில் ஆட விட வேண்டும் என்று விதி போடுங்கள். எத்தனை நிமிஷம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவன் பத்து வாய்ப்பை வீணடிப்பான். நாங்கள் வாய் வலிக்கத் திட்டுவோம். போன் விழுந்தால் எடுத்தும் வைப்போம்.

இப்படிக்கு,
விசில்காரன், வேலூர்