தொழில் அனுபவமும் அவைப் பொறுப்பும்

ராகுல் பஜாஜ் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, 1968இல் பஜாஜ் ஆட்டோவின் தலைமைப் பொறுப்பை ஏற்றது முதலான தொழில் சாதனைகளை விரிவாகச் சொல்லிவிட்டு, 2006 முதல் 2010 வரை மகாராஷ்டிரத்திலிருந்து சுயேச்சை உறுப்பினராக மாநிலங்களவையில் அவர் பணியாற்றியதை ஒரே வரியில் முடித்துவிட்டது. எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசு உரிமமே தீர்மானித்த காலத்தில் ஆலை நடத்தியவர் சட்டமியற்றும் அவைக்குள் நுழைந்தது, என் போன்றோருக்குச் சிறிய செய்தியன்று. 1970களில் என் தந்தை ஒரு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிய ரசீது, மடிப்புகளில் கிழிந்து, எட்டு ஆண்டுகள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தது. வண்டி வந்தபோது நான் பள்ளிப் படிப்பையே முடித்திருந்தேன்.

அந்தக் கட்டுப்பாடுகளின் விலையை ஆலைக்குள்ளிருந்து அறிந்தவர் அவையில் அமர்வது நாட்டுக்கு நல்லதே. ஆனால், தொழில் நடத்தும் ஓர் உறுப்பினர் அதே தொழிலின் வரி குறித்துப் பேசும்போது, அவருக்கு எந்தெந்த நிறுவனங்களில் பங்கு உண்டு என்பதையும் மக்கள் அறிந்திருக்க வேண்டும். மாநிலங்களவையில் உறுப்பினர்களின் பொருளாதார நலன்களுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. இனி அத்தகையோரின் உரைகளை வெளியிடுகையில், அப்பதிவேட்டு விவரத்தையும் அருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், திருச்சிராப்பள்ளி