இன்னோர் இளவரசிக் கதை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு பார்க்கத்தக்க அனிமேஷன் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, 2016இல் வந்த ‘மோவானா’வை, தந்தை சொல்லை மீறும் இன்னோர் இளவரசியின் கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தான் இளவரசி அல்ல, ஊர்த்தலைவரின் மகள் என்று படத்தில் நாயகி மோவானாவே, அரைத்தெய்வமான மாவுயியிடம் மல்லுக்கு நிற்கிறாள். கட்டுரையாளர் அந்தக் காட்சியைக் கவனிக்கவில்லை போலும்.

அவள் தந்தையை மீறுவது உண்மைதான். ஆனால் அவள் மீட்கப் புறப்படுவது முன்னோர் கைவிட்ட ஒரு கலையை. பாட்டி தாலா காட்டிய குகைக்குள் நுழைந்து, மறைத்து வைக்கப்பட்ட பெரும் பாய்மரப் படகுகளுக்கு நடுவே முரசை முழக்கும்போதுதான், தன் குலத்தார் கடலோடிகள் என்பதே அவளுக்குத் தெரியவருகிறது. இதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பே பசிபிக் பெருங்கடலின் தோங்கா, சமோவா தீவுகளில் குடியேறிவிட்ட பாலினேசிய மக்கள், அங்கிருந்து கிழக்கே தஹிதி, ஹவாய் வரை பரவுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. இடையில் பயணங்கள் நின்றதற்குக் காரணம் காற்றின் போக்கா, படகின் அமைப்பா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதித்து வருகிறார்கள்.

தொடக்கத்தில் எந்தக் கயிற்றை இழுப்பது என்றே தெரியாமல் விழிக்கும் அந்தப் பெண், பின்னர் கையை நீட்டி, விரல்களை விண்மீனோடு பொருத்தி, திசை கணித்துப் படகைச் செலுத்துகிறாள். ஹவாயின் மரபுவழி மாலுமிகள் இன்றும் கையாளும் முறை அது. 1976இல் ‘ஹோக்குலேயா’ என்ற இரட்டைப் படகு திசைகாட்டும் கருவிகள் ஏதுமின்றி ஹவாயிலிருந்து தஹிதிக்குச் சென்றபோது, அவ்வித்தை அறிந்தவர் ஹவாயில் எவரும் எஞ்சியிராததால், மைக்ரோனேசியாவின் சதவால் தீவிலிருந்து மாவ் பியாய்லுக் என்பவரை வரவழைக்க வேண்டியிருந்தது. மறந்துபோன கலையை மாவுயி என்ற வெளியார் ஒருவரிடம் கற்றுக்கொள்ளும் மோவானாவின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பாலினேசியர் போற்றும் மாவுயியைப் பருத்த உடலும் வாய்ச்சவடாலுமாகக் காட்டியது அந்தத் தீவினர் பலரைப் புண்படுத்தியது. அவனது பச்சை குத்திய தோலைப் போலத் தைத்து விற்ற சிறுவர் உடையை டிஸ்னி நிறுவனமே திரும்பப் பெற நேர்ந்தது. மரபுக் கதைகளில் அவனோடு இணைத்துப் பேசப்படும் ஹினா என்ற பெண்தெய்வம் படத்தில் இல்லவே இல்லை. குறை கூறுவதென்றால் கட்டுரையாளர் இவற்றைக் கூறியிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருநெல்வேலி